இருபத்தேழாவது ஏடு

அந்தக் கரைசலில் விரல் பட்டால் முதலில் வழுக்கும். சோப்பு நீரைத் தொட்டதுபோல இதமாகக்கூட இருக்கும். வழுக்குவது கரைசல் அல்ல, நம் தோல்தான் என்று பயிற்சியின் முதல் நாளிலேயே சொல்லிவிட்டார்கள். தோலில் இருக்கும் எண்ணெயைக் காரம் அந்த இடத்திலேயே சோப்பாக மாற்றிவிடுகிறது. வலி தெரிவதற்குள் வேலை பாதி முடிந்திருக்கும்.

பார்த்தால் யாருக்கும் பயம் வராது. அவ்வளவு தெளிவு. அதன் ஒவ்வொரு லிட்டரிலும் ஒரு நெல்லிக்காய் அளவு துத்தநாகம் கரைந்து கிடக்கிறது என்றால் நம்ப முடியாது. கெட்டியான ஓர் உலோகம் எப்படி இப்படிச் சுவடே இல்லாமல் மறைய முடியும்? ஒன்பது வருடம் அதன் பக்கத்திலேயே இருந்தும் எனக்கு அந்த வியப்பு அடங்கவில்லை.

பகலில் மின்சாரத்தைச் சேர்த்து இரவில் ஊருக்குத் தருகிற அந்தப் பெரிய மின்கலத்தை நரிமுனையில் எல்லோரும் கேணி என்றார்கள். ஊருக்குத் தெற்கே, உப்பளம் முடிகிற இடத்தில், ஜன்னல் இல்லாத ஒரு பெரிய கூடம். அதற்குள் ஐந்து ஆள் ஆழத்துக்கு ஒரு தொட்டி. தொட்டிக்குள் வரிசை வரிசையாக இரண்டாயிரம் நிக்கல் கம்பிகள். காலை எட்டு மணிக்குச் சூரியத் தகடுகளிலிருந்து மின்சாரம் வரத் தொடங்கும். கம்பிகளின் மேல் முதலில் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு தெரியும். பிறகு பாசி. பத்து மணிக்கு அந்தப் பாசியிலிருந்து இலைகள் விரியும். நண்பகலில் கிளைகள். மூன்று மணிக்குக் கீழ்த்தளத்துப் பார்வைச் சாளரத்தின் முன்னால் நின்றால் எதிரே ஒரு வெள்ளித் தோப்பு நிற்கும். காற்றே இல்லாத தோப்பு. சாளரத்தில் கண்ணாடி கிடையாது. கண்ணாடியையும் அந்தக் காரம் மெல்ல மெல்லத் தின்றுவிடும். தடித்த பிளாஸ்டிக் பலகைதான்.

பொழுது சாய்ந்ததும் தோப்பு கரையத் தொடங்கும். கரையக் கரைய ஊரில் விளக்கு எரியும், ஐஸ் ஆலை ஓடும், ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரம் சுழலும். விடியும்போது மறுபடி வெறும் கம்பி, வெறும் தண்ணீர்.

ஆனால் முழுவதும் கரையாது. நூறில் ஒரு பங்குக்கும் குறைவாக, ஆறிய பாலின் மேல் படிகிற ஏடு போல ஒரு மெல்லிய தோல் கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். மறுநாள் அதன் மேல் இன்னொன்று. ஒரு நாளுக்கு ஓர் ஏடு. கம்பியைக் குறுக்கே வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்தால் ஒவ்வொரு நாளும் தனித்தனிக் கோடாகத் தெரியும். மேகம் மூடிய நாள் மெலிந்த கோடு. சித்திரை வெயில் தடித்த கோடு. மாதம் ஒருமுறை அவற்றைப் பார்த்து எழுதிவைப்பது என் வேலைகளில் ஒன்று. என் பெயர் தவமணி. கேணியை இயக்கிய ஐந்து பேரில் நான் ஒருத்திதான் பெண்.

கேணிக்கு ஒரே ஒரு பெரிய சட்டம் இருந்தது. இரும்பு உள்ளே வரக்கூடாது. துத்தநாகத்தின் மேல் ஒரு துளி இரும்பு பட்டாலும் அந்த இடத்தில் நீர் பிரிந்து ஹைட்ரஜன் குமிழ் விடும். நிற்காமல் விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் எங்கள் கருவிகள் எல்லாம் பித்தளை, பிளாஸ்டிக், மரம். கூடத்து வாசலில் ஒரு மண்சட்டி இருக்கும். உள்ளே போகும்போது ஹேர்பின், வளையலில் மாட்டிய ஊக்கு, ரவிக்கையில் மாட்டிய ஊக்கு எல்லாவற்றையும் கழற்றி நான் அதில் போட வேண்டும். ஆண்கள் பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவார்கள்.

"எங்க போனாலும் பொம்பளைங்க நகை போட்டுட்டுப் போவாங்க. இங்க மட்டும் உண்டியல்ல போட்டுட்டு வாறீக" என்பார் என்னோடு வேலை பார்க்கும் இன்னாசி அண்ணன், ஒவ்வொரு நாளும், முதல்முறை சொல்வதுபோல.

நவம்பர் எட்டாம் தேதி காலை, தொட்டி மூடியின் மேலே ஒரு தாங்கியை ஒட்டவைக்க வெல்டர் சூசை ஏறினான். இன்னாசி அண்ணனின் தங்கை பிலோமியின் புருஷன் அவன். மூடிக்கு அடியில் இருபத்தைந்து நாளுக்கு மேலாக ஹைட்ரஜன் சேர்ந்திருந்தது. அதைக் கண்டு அலற வேண்டிய வாயுமானி உப்புக்காற்றில் எப்போதோ செத்துப்போயிருந்தது. மாற்றித் தரச் சொல்லி மூன்று கடிதம் எழுதியிருந்தோம். சூசை முதல் பொறியை வைத்தான். அவ்வளவுதான். நாங்கள் கேட்டது ஒரே ஒரு சத்தம்.

*

விசாரணைக்கு மதுரையிலிருந்து கமலவேணி வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மின்வேதியியலில் டாக்டர் பட்டம். தலையணை அளவுள்ள ஒரு பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கினார். உள்ளே நுண்ணோக்கி. முதல் நாள் மதியம் எங்கள் கேன்டீன் நண்டுக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு அவருக்குக் கண்ணெல்லாம் நீர்.

"கேணியிலதான் காரம்னு நெனச்சு வந்தேன்" என்றார். "சோத்துலயும் அதையே ஊத்துறீங்களா?"

துணைக்கு என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு கம்பியை வெளியே எடுத்து, நடுவில் வெட்டி, நகத்தின் அளவு துண்டாக்கி மெருகேற்றினோம். அவர் பார்த்தார். வெகுநேரம் தலையைத் தூக்கவேயில்லை.

"எத்தனையோ ஊர்க் கம்பியப் பாத்திருக்கேன். இவ்வளவு சுத்தமான ஏடு எங்கயும் பாத்ததில்ல. இங்க பாருங்க, ஒரு ஏட்டுல கரும்புள்ளி. அதுக்கு மேல உள்ள எல்லா ஏட்டுலயும் ஓட்டை, குமிழ் போன பாதை. அதுக்குக் கீழ ஒண்ணுமில்ல. இரும்பு விழுந்தது இந்த ஏடு படிஞ்ச அன்னைக்குத்தான். மேலேருந்து எண்ணுவோம். நீங்களும் எண்ணுங்க. ரெண்டு பேரும் ஒரே எண்ணுல நின்னாத்தான் எழுதுவேன்."

எண்ணினோம்.

"இருபத்தேழு" என்றேன்.

"எனக்கும்." அவர் நாட்காட்டியைத் திருப்பினார். "கடைசி ஏடு நவம்பர் ஏழு. இருபத்தேழாவது ஏடு... அக்டோபர் பன்னெண்டு. அன்னைக்குப் பகல்ல யாரு ட்யூட்டி?"

பதிவேட்டைப் பார்க்கத் தேவையே இல்லை. அக்டோபர் பன்னிரண்டு ஆயுத பூஜை. ஆயுத பூஜைக்கு எப்போதும் இன்னாசி அண்ணன்தான். நாங்கள் நால்வரும் வீட்டில் இருக்கட்டும் என்று அவர் வருவார். கிறிஸ்துமஸுக்கு அவருக்காக நான் வருவேன். கேணி தொடங்கிய நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

"இன்னாசி" என்றேன். "மரிய இன்னாசி."

"செத்தவரோட மச்சினனா?" கமலவேணி பேனாவை மூடிவிட்டார். சிறிது நேரம் கழித்துத்தான் மறுபடி திறந்தார். "இரும்பக் கொண்டு போய் ஒரு உயிர் போயிருக்கு. அஞ்சு வருஷம் வரைக்கும் குடுப்பாங்க, தவமணி."

*

இன்னாசி அண்ணனைப் பார்க்கப் போனேன். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஒரு கல்லில் உட்கார்ந்து கோடு போட்ட நோட்டு ஒன்றில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நெஞ்சுவரை வெள்ளைத் தாடி. தாடிக்குள் எப்போதும் இருக்கும் சிரிப்பைக் காணோம்.

வேலிக்கு அந்தப்பக்கம் பிலோமியின் வீடு. என்னைப் பார்த்ததும் அவள் வெளியே வந்தாள்.

"வாங்கக்கா. இங்க வந்து உக்காருங்க. அங்கன உக்காராதீக. அது கொலகாரன் உக்காந்த கல்லு."

இன்னாசி அண்ணன் நிமிரவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள்.

"என்னண்ணே எழுதுறீக?"

"அன்னைக்கு எம்மேல என்னென்ன இருந்துச்சுன்னு." நோட்டைக் காட்டினார். வரிசையாக எழுதியிருந்தது. செபமாலை, மணி மரம், சிலுவை பித்தளை. சாப்பாட்டு டப்பா, பிளாஸ்டிக். சாவிக்கொத்து, வாசலிலேயே ஆணியில். பொடி டப்பா, தகரம் என்று எழுதி அடித்துவிட்டு, வீட்டிலேயே வைத்தேன் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

"பொடி டப்பாவக் கொண்டு போனேனா இல்லையான்னு பத்து நாளா யோசிக்கிறேன் தங்கச்சி. வரமாட்டேங்குது."

"நீங்க எதுவும் போடலண்ணே. உங்களத் தெரியாதா எனக்கு?"

"கேணி பொய் சொல்லுமா?" என்றார். "நீயும் அந்தம்மாவும் எண்ணியிருக்கீக. உலோகத்துல எழுதியிருக்கு. மனுசன் மறப்பான், அது மறக்குமா? நாந்தான் என்னமோ செஞ்சிருக்கேன். என்னன்னு மட்டும் தெரிஞ்சா போதும். பிலோமிகிட்டப் போயி, இத வச்சுத்தான் உம் புருசனக் கொன்னேன்னு சொல்லிட்டுப் போயிருவேன்."

அவர் நோட்டைப் புரட்டினார்.

"பாரேன், அன்னைக்கு நான் தொட்டிக்கிட்டக்கூடப் போகல. காலைல வந்தேன், நம்ம வழக்கப்படி மெயின அமத்தினேன். கேணி உறங்கட்டும்னு வாசல்லயே உக்காந்து செபமாலை உருட்டினேன். சாயங்காலம் முந்தின நாள் நம்பரப் பாத்து எழுதிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். எப்படி விழுந்திருக்கும்?"

வேப்பமரத்தில் ஒரு காகம் இருந்தது. அது பறந்துபோனதையும் நான் பார்த்தேன். ஆனால் எனக்குள் எல்லாம் நின்றுவிட்டது.

நம்ம வழக்கம். ஆயுத பூஜையன்று எந்திரம் ஓடக்கூடாது. லாரி ஓடாது, தறி ஓடாது, தையல் மெஷின்கூட ஓடாது. கேணிக்கு மட்டும் என்ன? ஆனால் கேணியை ஒரு நாள்கூட நிறுத்தக்கூடாது என்பது கையேட்டின் நான்காவது விதி. அதனால் முதல் வருடமே நாங்கள் ஐந்து பேரும் பேசி முடிவெடுத்தோம். அன்று ஐஸ் ஆலைக்கும் விடுமுறை. ஊருக்கு வேண்டிய கொஞ்ச மின்சாரத்தைப் பக்கத்து ஊர்க் கம்பியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பதிவேட்டில் முந்தின நாளின் எண்களையே எழுதிவிடலாம். ஒன்பது ஆயுத பூஜைக்கும் அப்படித்தான் செய்தோம். மறைப்பது எங்களுக்கு அவ்வளவு பழகியிருந்தது. அதை நினைக்காமல் இருப்பதும்.

மின்சாரம் போகாத நாளில் தோப்பு வளராது. தோப்பு வளராத நாளுக்கு ஏடு இல்லை.

அக்டோபர் பன்னிரண்டுக்கு ஏடே கிடையாது. பதின்மூன்றாம் தேதி ஏட்டுக்குக் கீழே இருப்பது பதினொன்று. இருபத்தேழாவது ஏடு, பதினொன்றாம் தேதி படிந்தது.

ஏடு எண்ணத் தெரிந்தவர் கமலவேணி; அவருக்கு எங்கள் வழக்கம் தெரியாது. வழக்கம் தெரிந்தவர் இன்னாசி அண்ணன். அவருக்கு எண்ணத் தெரியாது. இரண்டும் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

பதினொன்றாம் தேதி பகல் என் ட்யூட்டி.

பூஜைக்கு முந்தின நாள் சுத்தம் செய்கிற நாள். தொட்டியின் விளிம்பில், காற்றுப்பட்ட இடத்தில், காரம் வெள்ளைப் பொருக்காகப் படியும். தேங்காய் நாரால்தான் தேய்ப்போம். அந்த வருடம் ஒரு மூலையில் மட்டும் அது போகவேயில்லை. கூடத்துக்கு வெளியே, சாப்பாட்டு டப்பா கழுவுகிற குழாயடியில், ஓர் இரும்புக் கம்பி நார் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். ஊக்குகளைச் சட்டியில் கழற்றிப்போட்டவள், கையில் கம்பி நாரோடு சட்டியைத் தாண்டிப் போயிருக்கிறேன். இரண்டு நிமிடம். பளபளவென்று வந்துவிட்டது. வாசலிலிருந்து பார்த்தாலே மின்னுது, பூஜைக்கு முகம் பார்க்கலாம் போல இருக்கு என்று இன்னாசி அண்ணன் மறுநாள் போன் செய்து சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

"என்ன தாயி, மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு?" என்றார் அவர் இப்போது.

"வெயிலு" என்றேன். எழுந்து வந்துவிட்டேன்.

*

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. நான் நல்லவள் இல்லை என்று காட்டிக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், பன்னிரண்டாவது படிக்கிறாள், அப்பா இல்லை. இன்னாசி அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. இப்படியெல்லாம் மனம் நிறுத்துப் பார்த்தது. அவரே தன்மேல் போட்டுக்கொண்டுவிட்டார் என்றும் சொன்னது.

நான்காம் நாள் முழுக் கரைப்பு. இரும்பு கலந்த கம்பிகளை இனி வைத்திருக்க முடியாது. எல்லாத் துத்தநாகத்தையும் கரைத்து, வடிகட்டி, புதுக் கம்பியில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒன்பது வருட ஏடுகளும் ஒரே நாளில் தண்ணீராகிவிடும். அதன்பிறகு யார் நினைத்தாலும் எண்ண முடியாது.

கரைப்பதற்கு முன் ஒருமுறை, சிதைந்த மூடியை அகற்றிவிட்டு, குறைந்த மின்சாரத்தில் தோப்பை வளர்த்துக் குமிழ்களைப் படம் எடுக்க வேண்டும் என்று கமலவேணி அனுமதி வாங்கியிருந்தார். நண்பகலில் நாங்கள் இருவரும் கீழ்த்தளத்துச் சாளரத்தின் முன்னால் நின்றோம்.

அவர் அதுவரை கேணிகளை வெட்டிய துண்டுகளாக மட்டுமே பார்த்திருக்கிறார் போல. கண்ணெதிரே தெளிந்த நீரிலிருந்து ஒரு கிளை புறப்பட்டது. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து. நுனி பிளந்து இரண்டானது, இரண்டும் பிளந்து நான்கானது. ஒவ்வொரு இலையும் அடுத்த இலைக்கு அதே கோணத்தில் சாய்ந்து நின்றது. பிறகு நூறு கம்பி, ஆயிரம் கம்பி, பார்வை எட்டும் தூரம் வரை வெள்ளி. அந்த வெள்ளிக்கு இடையே அங்கங்கே நூல் பிடித்ததுபோல நுண்ணிய குமிழ்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. என் கம்பி நாரின் தூள்கள். அவைகூட அழகாகத்தான் இருந்தன.

"ஆத்தாடி" என்றார் கமலவேணி, மெல்ல. டாக்டர் பட்டம் வாங்கியவரின் குரலாக இல்லை அது. "இத்தனையும் தண்ணிக்குள்ளதான் இருந்துச்சா?"

"தினமும் இப்படித்தான் மேடம்."

"உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? இந்தத் தண்ணி தாங்க முடிஞ்ச அளவுக்கு மேல துத்தநாகத்தத் தாங்கிக்கிட்டிருக்கு. ராத்திரி கரையறப்ப அளவு தாண்டிருது. ஸ்கூல்ல படிச்சிருப்பீங்களே, அதிதெவிட்டிய கரைசல். சக்கரைப் பாகா இருந்தா சீக்கிரமே கட்டி கட்டியா விட்டுரும். இது விடாது. நாள்கணக்கா, மாசக்கணக்கா உள்ளயே வச்சிருக்கும். வெளிய பாத்தா தெரியவே தெரியாது. அப்பறம் ஒருநாள் வெள்ளைப் பொடியா இறக்கும். கம்பி மேல இறக்குச்சுன்னா கம்பி மூச்சு முட்டிச் செத்துரும். மத்த ஊர்க் கேணியெல்லாம் அப்படித்தான் அஞ்சு வருஷத்துல போச்சு. உங்க கேணி மட்டும் எப்படித் தாக்குப் பிடிக்குதுன்னு எனக்குப் புரியல."

நான் சாளரத்தில் கை வைத்தேன். பலகை லேசாகச் சூடாக இருந்தது.

"அது இறக்கி வைக்கணும்னா என்ன செய்யணும் மேடம்?"

"சும்மா விடணும். மின்சாரம் வேணாம், பம்பு வேணாம். ஒரு நாள் அசையாம விட்டா அதிகமா இருக்குறது அடியில போய் உக்காந்துரும். ஆனா கையேட்டுல நிறுத்தக்கூடாதுன்னு இருக்கே. யாரு நிறுத்துவா?"

"நாங்க நிறுத்துவோம்" என்றேன்.

அவர் திரும்பினார்.

"வருஷத்துக்கு ஒரு நாள். ஆயுத பூஜைக்கு. பதிவேட்டுல பொய் எழுதுவோம். பன்னெண்டாம் தேதிக்கு ஏடு கிடையாது மேடம். நாம எண்ணுனது ஒரு நாள் தப்பு. அந்த இரும்பு பதினொண்ணாம் தேதி விழுந்தது. போட்டது நானு."

எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி நாரை. குழாயடியை. இரண்டு நிமிடத்தை. சொல்லும்போது தோப்பு வளர்ந்துகொண்டே இருந்தது. எங்கள் முகங்களுக்கு நேராக ஓர் இலை சாளரத்தைத் தொட வந்து, தொடாமல் நின்றது.

கமலவேணி பையிலிருந்து தன் குறிப்பேட்டை எடுத்து ஒரு பக்கத்தைத் திறந்து நீட்டினார். "நேத்து ஒரு கம்பிய மேலேருந்து அடி ஏடு வரைக்கும் எண்ணி முடிச்சேன். கேணி ஓட ஆரம்பிச்சு மூவாயிரத்து இருநூத்தி ஐம்பது நாளு. ஏடு இருந்தது மூவாயிரத்து இருநூத்தி நாப்பத்தொண்ணு." கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. எண்ணுவதில் ஏற்படும் பிழை, பொருட்படுத்தத் தேவையில்லை.

"ஒன்பது குறையுது. ஒன்பது பூஜை" என்றார். "நீங்க வாயத் தெறக்கலன்னா இந்த வரி அப்படியே இருந்திருக்கும்."

அவர் பேனாவைத் திறந்தார்.

"எழுதிக்கவா, தவமணி?"

"எழுதிக்கங்க."

*

இன்னாசி அண்ணனிடம் நானே போய்ச் சொன்னேன். அதே கல்லில் உட்கார்ந்திருந்தார். கேட்டு முடித்ததும் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப நான் ஒண்ணும் போடல."

"இல்லண்ணே."

"பொடி டப்பா?"

"வீட்டுலதாண்ணே இருந்திருக்கும்."

அவர் அழவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு வெகுநேரம் உப்பளத்தைப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "மூணு நாளு தெரிஞ்சுக்கிட்டே இருந்தியா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். வேலிக்கு அந்தப்பக்கம் பிலோமி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

நானே ஒப்புக்கொண்டதால் எனக்கு மூன்று மாதச் சிறைதான், வேலை போயிற்று. பொய்ப் பதிவுக்காக மற்ற நால்வருக்கும் சம்பள உயர்வு நின்றது. செத்த வாயுமானிக்காக அலுவலகத்துக்கும் தண்டனை கிடைத்தது என்றார்கள். நான் திரும்பி வந்தபோது மகள் தேர்வு எழுதியிருந்தாள். நண்டு ஆலையில் ஓடு உடைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கேயும் மதியம் மூன்று மணியானால் என் கண் தானாகத் தெற்கே போகும்.

கோடையில் கமலவேணியிடமிருந்து ஓர் உறை வந்தது. கடிதம் இல்லை. ஒரு சுற்றறிக்கையின் நகல் மட்டும். கடற்கரைக் கேணிகள் அனைத்தையும் இனி வருடத்துக்கு ஒரு நாள் முழுமையாக நிறுத்தி வைக்க வேண்டும். அதற்குத் 'தளர்வு நாள்' என்று பெயர். எங்கிருந்து வந்தது, யார் கண்டுபிடித்தது என்று ஒன்றும் இல்லை. அது எந்த நாள் என்பதை அந்தந்த ஊரே தேர்ந்துகொள்ளலாம் என்று கடைசி வரியில் இருந்தது.

அக்டோபர் வந்தது. பூஜைக்கு முந்தின நாள் காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் பிலோமி. கேணியின் நீலச் சட்டை போட்டிருந்தாள். புருஷன் செத்ததற்காக அவளுக்குக் கேணியில் வேலை கொடுத்திருந்தார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன், பார்த்தது அன்றுதான். பதினொரு மாதமாக அவள் என் தெருவுக்குள் வந்ததில்லை.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. அக்குளில் இடுக்கியிருந்த தேங்காய் நார்க் கட்டு ஒன்றை என் வாசற்படியில் வைத்தாள். அதன் மேல் ஒருநாள் அனுமதிச் சீட்டு. என் பெயர், அவள் கையெழுத்து.

"வெளிம்பு தேய்க்க ஆள் பத்தல" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல், நிலைப்படியைப் பார்த்தபடி. "கையில இரும்பு இல்லாம வா."

அக்கா என்று சொல்லவில்லை.

பின்னாலேயே நடந்தேன். கூடத்து வாசலில் அதே மண்சட்டி. கொண்டையிலிருந்து இரண்டு ஹேர்பின்களை எடுத்துப் போட்டேன். வளையலில் இருந்த ஊக்கு. பிறகு ரவிக்கையில் இருந்ததும் நினைவுக்கு வந்தது, அதையும். பிலோமி சட்டிக்கு அந்தப்பக்கம் நின்று நான் போட்ட ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். என் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். பிறகு வழிவிட்டாள்.

உள்ளே இன்னாசி அண்ணன் மெயின் பலகையின் முன்னால் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் தாடி அசைந்தது. "உண்டியல்ல போட்டாச்சா?" என்றார். திரும்பிக்கொண்டார்.

விளிம்பில் பொருக்கு தடித்திருந்தது. கையுறை மாட்டிக்கொண்டு நானும் பிலோமியும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டோம். நாரை நனைத்துத் தேய்த்தோம். போகவில்லை. மறுபடி நனைத்தோம், மறுபடி தேய்த்தோம். அந்த மூலைப் பொருக்கு இரண்டு நிமிடத்தில் போகவில்லை, ஒரு மணி நேரம் ஆயிற்று. கீழே, தெளிந்த நீருக்குள், புதுக் கம்பிகளில் தோப்பு இலை விடத் தொடங்கியிருந்தது. அன்றைய ஏடு எங்கள் இருவரின் கைகளுக்கும் அடியில் படிந்துகொண்டிருந்தது.